ஊசி குத்தாத வட்டம்

தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்க வரட்டுமா என்று போனில் கேட்டதுமே குண்டூசி துள்ளிக் குதித்தாள். "வாடி ஸ்கேல்! இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

கட்டடக்கலைக் கல்லூரி விடுதியில் நாங்கள் ஒரே அறை. தினமும் என்னிடம் குண்டூசி இரவல் கேட்பவள் அவள். ஸ்கேல் இல்லாமல் கடிதம்கூட எழுதாதவள் நான். பட்டப்பெயர்கள் அப்படி ஒட்டிக்கொண்டவை.

வழி எனக்கு எப்போதோ தெரியும். வயிற்றெரிச்சல்தான் விடவில்லை.

போர் நினைவிடப் போட்டிக்கு நான் வரைந்த படம் ஒருநாள் மேசையிலிருந்து காணாமல் போனது. அடுத்த மாதம் அதே படம் அவள் பெயரில் முதல் பரிசு வாங்கியது. கல்லூரி முதல்வரிடம் ஓடினேன். ஆதாரம் எங்கே என்றார். இல்லை. 'பொறாமையால் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள்' என்று என் கையாலேயே எழுதவைத்து, அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார்கள். அன்றைக்கு மட்டும் அவள் தன் சொந்தக் குண்டூசியைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கோழிக்கூண்டு கட்டும் வேலையைக்கூட யாரும் தரவில்லை. பள்ளியில் டிராயிங் டீச்சராகவே காலம் ஓடிவிட்டது.

போன மாதம் பல் டாக்டரின் அறையில் ஒரு காலண்டர். அந்தப் படத்தை வைத்துத் தலைநகரத்தில் கட்டிய நினைவிடத்தை வானத்திலிருந்து எடுத்த படம். முற்றத்தில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கறுப்புக் கல்லில் ஒரு வட்டம். வட்டத்தில் ஓரிடத்தில் சின்ன இடைவெளி. எனக்குப் பல்வலியே மறந்துவிட்டது. அந்த வட்டத்தை நான் வரையவே இல்லை! அது என் டீ கிளாஸ் விட்ட கறை. கறை பட்டதே என்று வேறு தாளில் மாற்றி வரைய இருந்தபோதுதான் படம் காணாமல் போனது. அடியில் மூளியான அந்த கிளாஸ் இன்னும் என் மேசையில் பென்சில்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அன்று மாலையே அவளுக்கு போன் போட்டேன்.

ராஜ உபசாரம்தான், குறை சொல்ல முடியாது. அவள் கணவர் லீவு போட்டுவிட்டுக் காரோட்டினார். இரண்டு நாளில் வெற்றி வளைவு, மணிக்கூண்டு, பழைய கோட்டை எல்லாம் பார்த்தாயிற்று. "இதெல்லாம் என்னடி, நாளைக்கு நம்மளோடதைப் பாரு" என்றாள். நம்மளோடதாம்! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மூன்றாம் நாள் நினைவிடம். இருபது பேர் சுற்றி நிற்க, கைடு முற்றத்து வட்டத்தைக் காட்டினார். "இது தியாகத்தோட முழுமை. இந்த இடைவெளி, திரும்பி வராதவங்களுக்காக." ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு இளகவில்லை.

பக்கத்துக் காட்சியறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் படம் தொங்கியது. 'கட்டடக் கலைஞர் கைப்பட வரைந்த மூலப்படம்' என்று கீழே பித்தளைத் தகடு. என் கோடுகள் ஒவ்வொன்றும் என்னை அடையாளம் கண்டுகொண்டன.

"வரைஞ்ச மேடமே இன்னைக்கு வந்திருக்காங்க!" என்றார் கைடு. எல்லோரும் கைதட்டினார்கள்.

தேன் ஒழுகக் கேட்டேன். "இந்த வட்டத்தை எப்படிடி போட்டே?"

"காம்பஸ்லதான். பழுப்பு இங்க். ஒரே சுத்து."

"எல்லாரும் கேட்டீங்கல்ல? காம்பஸ் வெச்சா நடுவுல ஊசி குத்தின ஓட்டை இருக்கணுமே. எங்கடி அது?"

கைடு குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அவள் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு இடிக்குமளவு நெருங்கினார். ஓட்டை இருந்தால்தானே!

துண்டில் சுற்றிவைத்திருந்த கிளாஸைப் பையிலிருந்து எடுத்தேன். அடிப்பக்கத்தைச் சட்டத்தின் மேல் வைத்து மெல்லத் திருப்பினேன். வட்டத்தின் மேல் வட்டம். மூளிக்கு நேராக இடைவெளி.

"அடக் கடவுளே, டீக்கறையா?" என்றார் சற்றுமுன் அழுத பெரியவர். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. ஆஹா, என் காதுக்கு என்ன குளிர்ச்சி!

குண்டூசி என் முழங்கையைப் பிடித்தாள். "ஸ்கேல், ப்ளீஸ். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"இங்கயே பேசு" என்றார் அவள் கணவர். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"என்னடி வேணும் உனக்கு?"

"ஒரு மன்னிப்புக் கடிதம். வாசகம் உனக்குத் தெரிஞ்சதுதான். 'பொறாமையால்'னு ஆரம்பி."

கைடு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். வருகைப் பதிவேட்டோடு கட்டியிருந்த பென்சிலை அவள் எடுத்தாள்.

"பென்சில் வேண்டாம்டி. பேனாவுல எழுது."

எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். முடித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"எங்கிட்ட எதுக்கு? வாசல்ல அறிவிப்புப் பலகை இருக்கு" என்று பர்ஸைத் திறந்தேன். "இந்தா, குண்டூசி. வழக்கம்போல என்னோடதுதான்."