ஏழாம் பிரிவு

கடலோர வீடுகளுக்குப் புயல் காப்புறுதியைக் கட்டாயமாக்கும் சட்டமூலம் பற்றிக் கருத்துக் கேட்கக் கல்முனையில் கூட்டம் வைத்திருந்தார்கள். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். சட்ட அலுவலர் தர்சினி ஏழாம் பிரிவை வாசித்தார்: போன மாரிச் சேதத்துக்கும் சேர்த்து, நட்டஈடு குடும்பத் தலைவரின் பெயரில் வழங்கப்படும்.

பாஹிமா எழுந்தாள். போன மாரிக் காற்று அவளுடைய கூரையை உரித்துக்கொண்டு போயிருந்தது. இப்போது வீட்டுக்கு மேலே தறப்பாள் விரிப்புதான்.

"தலைவர் ஆரு மிஸ்?"

"புருசன் இருந்தா அவர்தான்."

புருசன் நளீம் மீனவர் சங்கப் பிரதிநிதியாக முன்வரிசையில் இருந்தான். தோணி இங்கே, குடியிருப்பு மட்டும் இரண்டு வருடமாக அக்கரைப்பற்றில், இரண்டாம் மனைவியோடு.

"அது வாப்பா என்ட பேர்ல எழுதித் தந்த ஊடு. காச இவருக்குக் குடுத்தா அக்கரைப்பற்றுலதான் ஓடு ஏறும்."

பின்வரிசை சிரித்தது. நளீம் திரும்பினான்.

"அந்தக் கூரையப் போட்டவன் நான். வாயப் பொத்திக்கிட்டு இரி."

"காத்தடிச்ச அண்டு புள்ளைகளோட மேசைக்குக் கீழ கிடந்தது ஆரு? நீங்களா?"

"பொம்புளைகளக் கூப்பிட்டதே பிழை," என்றார் பக்கத்திலிருந்த றஸாக்.

"நீங்க இரிக்கிற ஊடு ஆர்ர பேர்ல, றஸாக் காக்கா?"

கலியாணத்தோடு வீட்டைப் பெண்ணுக்கு எழுதிவிடும் கரை இது. முன்வரிசையில் எவர் பெயரிலும் வீடு கிடையாது.

தர்சினி ஒரு தாளை நீட்டினார். "வீட்டு உரிமையாளர் என்று மாத்தச் சொல்லி முன்னுக்கு இருக்கிற பிரதிநிதிகள் ஒப்பம் வைச்சா, மேலே அனுப்புவன்."

தாள் கை மாறிப் போய் வெறுமையாகத் திரும்பியது.

"அடுத்த பிரிவ வாசிங்க மிஸ்," என்றான் நளீம்.

பாஹிமா தர்சினியின் மேசையடிக்குப் போனாள். காப்புறுதிப் பதிவுக்காகப் பெண்கள் காலையில் கொடுத்த வீட்டு உறுதிப் பத்திரப் பிரதிகள் அங்கே கோப்பில் இருந்தன.

"உறுதி இல்லாம ஊட்டப் பதிய ஏலுமா மிஸ்?"

"ஏலாது."

தன்னுடையதை உருவி எடுத்தாள். வரும் மாரிக்கும் தறப்பாள்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"விசரா ஒனக்கு? கூரை வேணாமா?" நளீம் கத்தினான்.

"எனக்கு நனைஞ்சு பழக்கம். ஒங்களுக்குத்தான் காசு ஒண்டும் வராது."

பின்னால் கதிரைகள் இழுபட்டன. றஸாக்கின் மனைவி றிபா, அவர் பக்கம் பாராமல் மேசைக்கு வந்தாள்.

"என்டதையும் தாங்க மிஸ்."