டின்சி பேரில் ஒரு ஃபோல்டர்

“ஒரு முழம் பத்தலயேடா,” என்றார் பௌலோஸ்.

ஃப்ரீசர் பெட்டியை நான்கு பேர் தூக்கிவந்து ஹாலின் நடுவில் வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி ரோசிலி டீச்சரை உள்ளே கிடத்தி, கண்ணாடி மூடியும் போட்டாகிவிட்டது. குளிர் மட்டும் வரவில்லை. பெட்டியின் ஒயர் சுவரை நோக்கிப் போய், பிளக் பாயிண்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே தரையில் படுத்துக்கொண்டது.

மகள் டின்சி அப்போதுதான் நெடும்பாசேரி ஏர்போர்ட்டிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினாள். தோளில் லேப்டாப் பை, காலில் இன்னும் செருப்பு. யாரும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. எல்லாருடைய கண்ணும் அந்த ஒயரின் மேலேயே இருந்தது. அண்ணன் பினோய் முட்டி போட்டபடி, “எக்ஸ்டென்ஷன் போர்டு எங்கயாவது இருக்கா?” என்று பொதுவாகக் கேட்டான்.

“அம்மச்சி ரூம்ல ஒண்ணு இருக்குமே,” என்றாள் டின்சி.

செத்த வீட்டுக்குள் வந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பினோய் எழுந்து பக்கத்திலிருந்த அம்மாவின் அறைக்குப் போனான். சளி உறிஞ்சும் மெஷின், நெபுலைசர், இன்னும் என்னென்னவோ செருகியிருந்தன. “இனி யாருக்கு இதெல்லாம்,” என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு போர்டை எடுத்து வந்தான். பெட்டி ஒரு தரம் உடம்பைக் குலுக்கிக்கொண்டு முனகத் தொடங்கியது. கூடவே எங்கிருந்தோ ‘பீப்’ என்றொரு சத்தம்.

“பெட்டியா கத்துது?” என்று கேட்டார் பௌலோஸ்.

“நம்ம பெட்டி கத்தாது சார். புதுசு,” என்றான் பெட்டிக்காரன், சற்று ரோஷமாக.

டின்சி செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைப் புடவை, தலையில் பூமுடி, விரல்களில் சுற்றிய ஜெபமாலை. கழுத்தில், மூச்சு விடுவதற்காக டாக்டர்கள் போட்ட ஓட்டையை ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பௌலோஸின் தங்கை ஏலிக்குட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பைய இறக்கி வை மோளே. இங்கயும் ஆபீஸா?”

டின்சி பையை இறக்கி வைத்தாள். அழுகை வரவில்லை. நேற்று மாலை நான்கு மணிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

நேற்று நான்கு மணிக்கு வீடியோ கால். ஹோம் நர்ஸ் ஓமனா போனைப் பிடித்திருந்தாள். அம்மா கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. முகம் தெரியவில்லை, நரைத்த உச்சி வகிடுதான் தெரிந்தது. குரல்வளையை எடுத்து இரண்டு வருஷமாயிற்று. அன்று முதல் டீச்சரின் பேச்சு முழுக்க அந்தக் கீபோர்டில்தான். தட்டி முடித்ததும் ஓமனா போனைத் திரைப் பக்கம் திருப்புவாள், டின்சி படிப்பாள். நேற்று தட்டல் முடியவே இல்லை. பெங்களூரில் டின்சியின் பொறுப்பிலிருந்த சர்வர் ஒன்று காலையிலிருந்து படுத்திருந்தது. இன்னொரு போனில் மேனேஜர் காத்திருந்தான்.

“அம்மச்சி டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயரே ஆயிடுவேன். அப்புறம் பேசறேன்,” என்று சொல்லிக் கட் செய்துவிட்டாள்.

இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு டீச்சர் போய்விட்டாள். என்ன கோபத்தோடு போனாளோ, தெரிந்துகொள்ள வழியில்லை.

பீப்.

ஓமனா மெல்ல நகர்ந்துவந்து அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. இரண்டு வருஷமாக டீச்சரிடம் அதிகம் திட்டு வாங்கியவள் அவள்தான், இந்த வீட்டில் அதிகம் அழுததும் அவள்தான்.

“மோளே, நீ கட் பண்ணதுக்கப்புறமும் டீச்சர் நிறுத்தல,” என்று காதோடு சொன்னாள். “அரை மணி நேரம் தட்டினாங்க. உன் பேர்ல இருக்கிற ஃபோல்டர்ல போட்டாங்க. மோள் வந்தா காட்டுன்னு கையால சொன்னாங்க. நான் படிக்கல, சத்தியமா.”

டின்சிக்கு அந்த ஃபோல்டர் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அதை வைத்து டீச்சரைக் கேலியும் செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் லினக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவள் அவள். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதுதான். குரல் போன புதிதில் தட்டியதெல்லாம் அப்படியே சேர்ந்து கிடந்தது. ஒரு நாள் ஏதோ நிலத் தகராறில் பௌலோஸ் மூன்று மாதத்துக்கு முந்திய கோப்பு ஒன்றைத் திறந்து, “நீதானே அன்னிக்கு இப்படிச் சொன்ன? இதோ இருக்கு!” என்று உரக்கப் படித்துக் காட்டினார். டீச்சர் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டினாள்: ‘நீங்க பேசினதெல்லாம் காத்தோட போச்சு. நான் பேசினது மட்டும் சாட்சிக் கூண்டுல நிக்கணுமா?’

மறுநாளே ஒரு பட்டியல் எழுதினாள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை எழும்போதும் அதைப் படித்து, ஆளுக்கொரு வெறும் ஃபோல்டரை உண்டாக்கும். அவரவருக்குச் சொல்ல வேண்டியதை டீச்சர் அதில் தட்டிப் போடுவாள். ஒரு நாள் ஆனதும் மெஷின் தானே பெருக்கித் தள்ளிவிடும். போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது டின்சி அந்தப் பட்டியலைப் பார்த்தாள். “எனக்கெதுக்கு ஃபோல்டர்? நான்தான் இங்க இல்லயே,” என்று சிரித்தாள். ‘வந்தா இருக்கணும்ல,’ என்று தட்டினாள் அம்மா.

ஒரு நாள் என்றால் இன்று மாலை நாலரை வரை. இப்போது பன்னிரண்டே கால். அவசரமில்லை, ஜெபம் முடிந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று டின்சி கணக்குப் போட்டாள். காலையிலிருந்து முதல் முறையாக முழு மூச்சு ஒன்று வந்தது.

பீப்.

அந்த மூச்சு பாதியில் நின்றது.

வேலையிடத்தில் அவள் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடும் சத்தம் அது. கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று கத்துகிற சத்தம். போர்டில் செருகியிருந்த அந்த ‘இன்னும் என்னென்னவோ’ என்னவென்று இப்போது புரிந்தது: அம்மாவின் கம்ப்யூட்டர். டீச்சரின் ஃபோல்டர்கள் இருந்தது டிஸ்க்கில் இல்லை, மெமரியில். கரண்ட் போனால் அதில் உள்ளதெல்லாம் போய்விடும்.

போர்டு எங்கே இருக்கிறது என்று சொன்னவள் அவளேதான்.

எழுந்திருக்கப் போனாள். அதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அச்சன் வந்துவிட்டார். பங்குப் பாதிரியார், டீச்சரிடம் பத்தாம் வகுப்பில் படித்தவர். பெட்டிக்கு முன்னால் நின்று சிலுவை போட்டார், பாட்டு தொடங்கியது. டின்சி கூட்டத்துக்கு நடுவில், ஏலிக்குட்டிக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டாள். பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் இடையே அடுத்த அறையிலிருந்து பீப் கேட்டது.

“என்ன சனியன் அது?” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

பாட்டு முடிந்தது. அச்சன் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். “மகளே வாசிக்கட்டும். டீச்சருக்கு அதுதான் பிடிக்கும்.”

புத்தகம் டின்சியின் கைக்கு வந்தது. அச்சனிடம் என்ன சொல்வது? ‘மன்னிக்கணும், கம்ப்யூட்டரைப் பார்க்கணும்’ என்றா? அம்மா உயிரோடு இருந்தபோது ஊரெல்லாம் சொன்னது அதுதான். சாகக் கிடந்தபோதும் மகள் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை என்று. டின்சி வாசித்தாள். வேகமாக வாசித்தாள். கமாக்களில் நிற்கவில்லை, வரிகளின் முடிவிலும் நிற்கவில்லை. பீப்புகள் நெருங்கி வந்தன. அவளும் விரட்டினாள். அச்சன் தலை நிமிர்ந்து பார்த்தார்.

“மெதுவா, மெதுவா,” என்று ஏலிக்குட்டி பல்லைக் கடித்தாள். “அவளப் பொதைக்கவும் அவசரமா உனக்கு?”

அது சுட்டது. டின்சி வேகத்தைக் குறைத்தாள். ஒரு வசனம், இரண்டு வசனம், மூன்று. மகள் வாசிக்க வேண்டிய மாதிரி வாசித்தாள். கண்ணாடிக்குள் அம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பீப்புகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. இனி ஒரு நிமிடம்கூட இல்லை.

“சேட்டா, இதப் பிடி,” என்று புத்தகத்தைப் பினோயின் நெஞ்சில் திணித்துவிட்டு ஓடினாள். ஏலிக்குட்டி துப்பட்டாவைப் பிடித்தாள். துப்பட்டா அவள் கையிலேயே தங்கியது. ஓமனா மட்டும் கதவுப் பக்கம் நின்ற இரண்டு பேரை முழங்கையால் தள்ளி வழிவிட்டாள்.

அறையில் டெட்டால் வாசனை. திரை இருண்டிருந்தது, கம்ப்யூட்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உயிர் இருக்கிறது. முதலில் கரண்ட், மற்றதெல்லாம் அப்புறம். டின்சி மேசைக்கு அடியில் புகுந்தாள். பினோய் பிடுங்கிப்போட்ட ஒயர்கள் குடல்போலச் சுருண்டு கிடந்தன. ஒன்றை இழுத்தாள், நெபுலைசர். இன்னொன்று, சளி மெஷின். மூன்றாவது கனமான கறுப்பு ஒயர். அதுதான். சுவரில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் கட்டில் காலுக்குப் பின்னால் இருந்தது. கட்டிலைத் தோளால் முட்டி நகர்த்தினாள். பிளக்கைக் கொண்டுபோகிறாள், பீப் ஒரே நீளக் கத்தலாக மாறுகிறது. துளை தெரியவில்லை. விரலால் தடவித் தேடினாள்.

கத்தல் நின்றது, பச்சை விளக்கும் அணைந்தது.

மின்விசிறிகூட ஓடாத அந்த அறையில் அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை. ஹாலில் பினோய் திக்கித் திக்கி வாசிப்பது கேட்டது. அம்மா அவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத் தலைகீழாக நின்றிருக்கிறாள். டின்சி பிளக்கைச் செருகிவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தலைக்கு மேல் மெஷின் தானாக எழுந்தது. கரண்ட் போவதும் வருவதும் அந்த ஊரில் வாடிக்கை என்பதால், வந்ததும் யாரும் தொடாமலே எழுந்துகொள்ளும்படி டீச்சர் செய்துவைத்திருந்தாள். திரையில் வரிகள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பச்சையில் சரி, சரி, சரி. தற்காலிகக் கோப்புகளும் ஃபோல்டர்களும் உண்டாக்கப்பட்டன, சரி.

பாஸ்வேர்டு சமையலறைக் காலண்டரிலேயே எழுதியிருக்கும், வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். உள்ளே போனாள். அப்பாவுக்கு அப்பச்சன் என்று ஒன்று, பிறகு பினோய், ஓமனா, டின்சி. நான்கு ஃபோல்டர்கள். தன் பேரில் இருந்ததைத் திறந்தாள். வெறுமை. உண்டான நேரம் பன்னிரண்டு நாற்பத்தொன்று.

இதற்குமேல் பார்க்க எதுவும் இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒன்று போய்விட்டால் எந்த விதியால் போனது என்று போய்ப் பார்ப்பது அவளுடைய தொழில் பழக்கம். அம்மாவின் பட்டியலைத் திறந்தாள். அது டிஸ்க்கில் இருந்தது, அதற்கு அழிவில்லை.

ஏன் என்று எழுதாமல் ஒரு வரியும் எழுதாதே என்று பிள்ளைகளிடம் முப்பது வருஷம் சொன்னவள் டீச்சர். ஒவ்வொரு விதிக்கும் மேல், மெஷின் படிக்காமல் தாண்டிப்போகிற குறிப்பு ஒன்று இருந்தது. மனிதர்கள் படிப்பதற்கு.

‘அப்பச்சன்: ஒரு நாள். விட்டா சாட்சிக்குத் தூக்கிட்டு வருவார்.’

‘பினோய்: ஒரு நாள். உடனே படிச்சிடுவான், ரெண்டாம் தடவை படிக்க மாட்டான்.’

‘ஓமனா: ஆறு மணி நேரம். பாதிக்கு மேல் திட்டு, பாவம்.’

கிறிஸ்மஸுக்குப் பார்த்தபோது நான்காவதும் ஒரு நாள் என்றுதான் இருந்தது. இப்போது அப்படி இல்லை.

‘டின்சி: முப்பது நாள். அவளுக்கு லீவு கிடைக்கணும்.’

டின்சி கோப்பின் விவரத்தைப் பார்த்தாள். கடைசியாக மாற்றியது நேற்று மாலை நான்கு ஐம்பத்திரண்டு, அவள் போனைக் கட் செய்ததற்கு அப்புறம்.

பினோய் வந்து கதவில் நின்றான். கையில் அவளுடைய துப்பட்டா. “அச்சன் கிளம்பிட்டாரு. ஏலிக்குட்டி அம்மாயி உன் பேர ஊர் பூரா நாறடிச்சிட்டு இருக்கா,” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “என்னடீ? ஏதாவது போயிடுச்சா? நான் பிடுங்கினதாலயா?”

“இல்ல சேட்டா. எதுவும் போகல.”

“அப்ப இத ஆஃப் பண்ணிடட்டுமா?”

“வேணாம். ஓடட்டும்.”

அவன் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனான். டின்சி துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். மேசைக்கு அடியில் குனிந்து, பிளக்கைக் கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஹாலுக்குப் போனாள்.