பெலோனா வீட்டார்

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் குமாரசாமி வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. 'பெலோனா நாட்டின் கௌரவ முதலீட்டுப் பிரதிநிதி' என்று அதில் பொறித்திருக்கும். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் அதைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் குமாரசாமி காபி குடிப்பார். தபால்காரன் ஒருநாள் அதைப் பார்த்துச் சல்யூட் அடித்தான். கோயில் கேன்டீனில் அந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது.

பெலோனா ஒரு சின்னத் தீவு. மேப்பில் ஈ உட்கார்ந்தால் நாடே மறைந்துவிடும். கோயமுத்தூர் பம்புசெட் கம்பெனியில் இருந்தபோது அங்கே போய்த் தண்ணீர் மோட்டார் மாட்டிக்கொடுத்தவர் குமாரசாமி. அப்போது அமெரிக்காவில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். ஏதாவது ஒரு கம்பெனியைப் பிடித்துவந்து அந்தத் தீவில் தொழில் தொடங்க வைக்க வேண்டும், அதுதான் வேலை. இதுவரை ஒரு கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தடவையும் ஆகாவிட்டால் பலகை ஹூஸ்டனில் இருக்கும் ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று ஊரே பயந்துகிடந்த சமயம் அது. அந்தக் கோளாறைச் சரிசெய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றைப் பக்கத்து ஊரான எடிசனில் ஸ்ரீநிவாசன் நடத்திக்கொண்டிருந்தார். குறைந்த சம்பளத்துக்கு ஆட்கள் தேவை என்று அவர் கேன்டீன் வரிசையில் புலம்பியது குமாரசாமி காதில் விழுந்தது. விடுவாரா? உடனே பெலோனாவுக்கு ஃபோன் போட்டார். பெலோனாவின் தொழில் மந்திரி அகஸ்தின் அம்மையாரே நேரில் புறப்பட்டு வந்துவிட்டார். மீன் இலாகாவும் அவருடையதுதான். ஹோட்டல் செலவு எதற்கு என்று குமாரசாமி வீட்டு மாடி அறையிலேயே தங்கிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் ஸ்ரீநிவாசன் வேனில் வந்தார். மனைவி கலாவதி, மச்சான், ஆடிட்டர் என்று கூட ஒரு கும்பல். ஜன்னல் வழியாகப் பார்த்த குமாரசாமி மனைவி சாந்தி, புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வர்ற மாதிரியல்லோ வர்றாங்க?"

"சும்மா இரு சாந்தி. பிசினஸ் மீட்டிங்கு."

சொன்னாரே தவிர, அடுப்படியில் கேசரியும் பஜ்ஜியும் தயாராக இருந்தன. யாரும் செய்யச் சொல்லவில்லை. சாந்தியின் கை தானாகச் செய்திருந்தது.

பூப்போட்ட கவுனில் அமர்ந்திருந்த மந்திரியைக் கலாவதி ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டில் நீங்களே சமைப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தாள். மந்திரி, "மீன் நன்றாகச் செய்வேன்" என்றார். கலாவதி முகம் சுண்டிப்போனது. நிலைமை சரியில்லை என்று சாந்தி, கத்தரிச்செடி காட்டுகிறேன் என்று மந்திரியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

ஸ்ரீநிவாசன் சோபாவில் சாய்ந்தார். "சார், ஓப்பனா பேசிடலாம். பத்து வருஷம் டேக்ஸ் ஹாலிடே வேணும், ஒரு பைசா வரி கிடையாது."

குமாரசாமி தங்கச்சிமார்களைக் கட்டிக்கொடுத்தவர். எதிரே ஒரு ஆள் கேசரித் தட்டோடு சாய்ந்து உட்கார்ந்து கேட்டால் அவர் கை இரண்டும் கும்பிடுவதுபோல் தானாகக் கூடிவிடும். கூடிவிட்டன.

"செஞ்சுடலாமுங்க."

"பில்டிங் அவங்களே கட்டித் தரணும். வாடகை கிடையாது."

"அதுக்கென்னங்க."

"கரன்ட் ஃப்ரீ."

"உங்களுக்குச் செய்யாம வேற ஆருக்குங்க செய்யப் போறோம்?"

மச்சான் விரலில் ஒட்டிய பஜ்ஜி எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, "அத்தான் அங்க போனா ஒரு கார் வேணும்ல?" என்றான்.

"டிரைவரோடவே குடுத்தர்றமுங்க!"

ஆடிட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் குமாரசாமியைப் பாவமாகப் பார்த்தார்.

கையில் இரண்டு கத்தரிக்காயோடு மந்திரி திரும்பி வந்ததும், குமாரசாமி அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, ஒத்துக்கொண்டதை எல்லாம் ஒப்பித்தார். அம்மையார் நிதானமாகக் கேட்டார்.

"எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. வருகிற வரியில் அதற்குக் கூரை மாற்றலாம் என்று இருந்தேன். சரி, அந்தக் கார்? மந்திரி நானே சைக்கிளில்தான் போகிறேன். மிஸ்டர் குமாரசாமி, நீங்கள் எந்தப் பக்கம்?"

குமாரசாமி திரும்பிச் சாந்தியைப் பார்த்தார்.

"நம்ம கல்யாணத்துல எங்கப்பன்கிட்ட புல்லட்டு கேட்ட மாதிரியே இருக்குது" என்றாள் சாந்தி, வாணலியில் பஜ்ஜியைத் திருப்பிக்கொண்டே.

"அது எங்கய்யன் கேட்டது, சாந்தி."

"ஓட்டுனது ஆருங்க?"

மந்திரி தன்னால் முடிந்ததைச் சொன்னார். ஐந்து வருஷத்துக்குப் பாதி வரி. மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடக் கட்டடம், கொஞ்ச வாடகைக்கு. அதற்கு மேல் ஒரு அணாகூட இல்லை.

குமாரசாமிக்கு வாசல் பலகையும், முகம் தெரியாத பல் டாக்டரும் கண்ணில் வந்து போனார்கள். கூடத்துக்குப் போனார். கை மறுபடி கூடிக்கொள்ளப் பார்த்தது. பஜ்ஜித் தட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு வருசம், பாதி வரிங்க. பழைய பள்ளிக்கூடம், வாடகை உண்டு. கரன்ட்டுக்கு நீங்கதான் கட்டோணும். காரு இல்லீங்க."

"இப்பதானே சார் சரின்னீங்க!"

"சொன்னது தப்புங்க. ஒத்து வரலீன்னா சங்கடமில்லீங்க. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கலாவதியின் வாய்க்குப் போன கேசரி பாதி வழியில் நின்றது. ஸ்ரீநிவாசன் எழுந்துகொண்டார். "கலந்து பேசிட்டு ஃபோன் பண்றோம்." இதைச் சொன்னவர்கள் ஃபோன் பண்ணுவதில்லை என்பது குமாரசாமிக்குத் தெரியும்.

வேன் போனதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"நாளைக்குக் கழட்டுனா ஆகாதுங்களா?" என்றாள் சாந்தி.

"பல் டாக்டர் கேட்டு நாம கழட்ட வேண்டாம்."

ஒரு பக்கத்து ஸ்க்ரூக்கள் வந்துவிட்டன. பலகை ஒருக்களித்துத் தொங்கியது. அப்போது அதே வேன் திரும்பி வந்து நின்றது. ஸ்ரீநிவாசன் மட்டும் இறங்கினார். மிடுக்கை வேனிலேயே விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"சார், ரெண்டு பேங்க் கிளையன்ட் டெட்லைன் வெச்சு கழுத்தப் புடிக்கிறான். இங்க ஆளே கிடைக்கல. நீங்க வேற இடம் பாத்துட்டா நான் எங்க போவேன்? அஞ்சு வருஷம், பாதி வரி, ஓகே. ஆனா ஒண்ணு சார்…"

குமாரசாமி ஸ்க்ரூடிரைவரை இறுக்கிப் பிடித்தார். "என்னங்க?"

"கலாவதி கேட்டா. பஜ்ஜி மிச்சம் இருக்கா?"

ஸ்க்ரூடிரைவரை நடுவில் வைத்துக் குமாரசாமியின் இரண்டு கையும் கூடிவிட்டன.

"அதைத் தாராளமாச் செஞ்சுடலாமுங்க!"