நல்லவர் காணி

எங்கள் பக்கத்தில் பிசாசைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ‘நல்லவர்’ என்போம். ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு துண்டு நிலத்தை அவருக்கென்றே விட்டுவைப்போம். அதில் ஏரும் படாது, அரிவாளும் படாது. அவர் பங்கைக் கொடுத்துவிட்டால் மற்றதில் கைவைக்க மாட்டார் என்று ஒரு நினைப்பு. பாதிரியார் ஞாயிறுதோறும் இதற்காக எங்களைக் கிழிகிழியென்று கிழிப்பார். நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம். எங்கள் பண்ணையில் அது ஓடைக்கு மேலே, ஒரு முள்மரத்தைச் சுற்றி அரை ஏக்கர்.

என் குழந்தை அங்கேதான் இருக்கிறது.

ஆறு வருஷமாகிறது. பெண் குழந்தை, கொட்டுகிற பனியில் பிறந்தது. கோயில் நாலு மைல். என் புருஷன் நினியன் அதைச் சால்வையில் சுற்றித் தூக்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று குழிவெட்டுகிறவன் சொல்லிவிட்டான். பாவி, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வயலில் புதைத்தால் ஏர் கிளறிவிடும். ஏர் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. நினியன் வெண்ணெய்ப் பெட்டியில் வைத்து முள்மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான். நான் அன்றைக்கு அழுததோடு சரி. பாதிரியார் என்ன திட்டினாலும், நல்லவர் என் பிள்ளையைத் தொந்தரவு பண்ணவில்லை.

போன வருஷம், நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பிரபுவின் காரியஸ்தர் டின்வுடி நிலம் அளக்கிற சங்கிலியோடு வந்தார். எடின்பரோவில் புத்தகம் படித்துவிட்டு வந்தவர். வருஷாவருஷம் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வோமே, அந்தப் பட்டை நிலங்களையெல்லாம் அளந்து ஒன்றாக்கிச் சுற்றிலும் கல்சுவர் எழுப்பினார். பதினோரு குடும்பம் பிழைத்த இடத்தில் இனி மூன்று போதுமாம். அந்த மூன்றில் நாங்கள் ஒன்று. பத்தொன்பது வருஷக் குத்தகை. ஒரே நிபந்தனை: ஓர் அங்குலம் விடாமல் உழ வேண்டும்.

“அந்த முள்மரத்து நிலமுமா ஐயா?” என்றான் நினியன்.

“அது யாரு நிலம்பா? பிசாசு பிரபுவுக்குக் குத்தகை குடுக்குதா?” என்று டின்வுடி குலுங்கிச் சிரித்தார். நினியனும் சிரித்துவிட்டுக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏய்யா, அங்க என்ன இருக்குன்னு மறந்துபோச்சா?”

“மறக்கல.”

“மறக்காமத்தான் கீறிட்டு வந்தியா? நல்லாருய்யா!”

“மே மாசம் எட்டுக் குடும்பம் சட்டிபானையோட ரோட்டுல நிக்கப்போவுது. நாமும் போயி நிப்பமா? சொல்லு, நிக்கிறேன்.”

மறுநாள் மண்வெட்டியோடு அங்கே போனேன். தோண்டி எடுத்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது? சுற்றிப் பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் முழுக்க உழப்போகிறார்கள், அந்தப் பக்கமும் உழப்போகிறார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பழைய மரக்கலப்பைக்கு எட்டு மாடு, நாலு ஆள் வேண்டும். ஒருத்தர் முன்னால் நின்று, மாடுகளைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து ஓட்ட வேண்டும். அது என் வேலை. அந்தக் கலப்பை இருந்திருந்தால், மாட்டைக் கொஞ்சம் ஒதுக்கி ஓட்டியிருப்பேன். யாருக்கும் தெரிந்திருக்காது. டின்வுடி கொடுத்த புதுக் கலப்பைக்கு ரெண்டு குதிரையும் ஒரு ஆளும் போதும். நான் சுவரோரம் சும்மா நின்றேன். பக்கத்தில் டின்வுடி.

முள்மரத்தை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. அந்த இடம் வந்ததும் நினியன் குதிரைகளை நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்கியிருந்தால் கலப்பையை விட்டுவிட்டு வந்திருப்பான், குத்தகை போனால் போகிறதென்று. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

“என்னம்மா, உன் புருஷனுக்குப் பிசாசு பயமா?” என்றார் டின்வுடி.

“குதிரைக்கு மூச்சு வாங்குது ஐயா” என்றேன்.

கை தூக்கவில்லை. அவன் குனிந்துகொண்டான். குதிரைகள் நகர்ந்தன. மண் கறுப்பாகப் புரண்டு விழுந்தது. எனக்கு வயிறு எரியும், நெஞ்சு வெடிக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கால் மட்டும் குளிர்ந்தது.

அந்த அரை ஏக்கரில் ஓட்ஸ் என் இடுப்பு உயரத்துக்கு வந்தது. பண்ணையிலேயே முதலில் விளைந்தது அதுதான். டின்வுடி கதிரைக் கசக்கிப் பார்த்துவிட்டு, “பாத்தியா நினியன், நல்லவர் இத்தன நாளா எவ்வளவு நல்ல மண்ண மடக்கி வச்சிருந்தார்!” என்றார்.

அதைத்தான் முதலில் அரைத்தோம். கஞ்சி காய்ச்சி ரெண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். நினியன் ஒரு வாய் வைத்தான். கரண்டியைக் கீழே போட்டான். பெரிய ஆள், தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

“உப்பு பத்தலியா?” என்று கேட்டேன்.

என் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அவனுடையது ஆறிக்கொண்டிருந்தது. அதையும் இழுத்துவைத்துச் சாப்பிட்டேன்.