பாடி வாங்க வந்தவர்கள்

பாடி என்ற சொல்லை ஆக்னஸ் முதன்முதலில் கேட்டது தையல்காரி விஜிலா அக்காள் வீட்டில். வயதுக்கு வந்த புதிது. "இனிமே சிம்மீசு போட்டுட்டுத் திரியக்கூடாது. பாடி தைச்சுத் தாரேன், கையத் தூக்கு" என்று அக்காள் அளவு நாடாவை நீட்டியபோது, வெட்கத்தில் அவள் தலை நிமிரவே இல்லை. பிறகு அவளுடைய அண்ணன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். "எந்த வண்டி மேலயும் எந்த பாடியையும் ஏத்தி முறுக்கிரலாம்ளா" என்று பெருமையாகச் சொல்லுவான். ஜாய்சன் பெண் பார்க்க வந்த அன்று தோழிகள் ஜன்னலோரம் நின்று, "மாப்பிள்ளைக்கு என்னா பாடி! தூணு மாதிரில்லா நிக்காரு" என்று அவள் இடுப்பில் கிள்ளினார்கள். சங்கு குளிக்கிறவனுக்கு நெஞ்சு அப்படித்தான் அகன்றிருக்கும்.

இப்போது ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ஊழியர் மகாராஜா வந்து நின்று, "திரேஸ்புரம் பாடிக்கு யாரு வந்திருக்கிய?" என்று கேட்டார்.

"நாங்கதான் அண்ணாச்சி" என்று எழுந்தான் பர்னபாஸ், ஜாய்சனின் அண்ணன்.

ஜாய்சன் சங்கெடுக்க இறங்கியவன், ஏறி வரவில்லை. படகிலிருந்து அவனுக்குக் காற்று கொண்டுபோன குழாய் மட்டும் அறுந்து மேலே மிதந்தது. கடலில் போனவனை அடக்கம் செய்யும்வரை திரேஸ்புரத்தில் யாரும் வலை இறக்க மாட்டார்கள். தேடுவதற்கு மட்டும்தான் படகு போகும். முதலில் எல்லாரும் போனார்கள். போகப்போக ஆள் குறைந்தது. வீடுகளில் அடுப்பு தூங்கியது. கரையில் நடந்தால் பெண்கள் ஆக்னஸைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதுதான் தெற்கே ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகப் போலீஸ் சொல்லி அனுப்பியது. பர்னபாஸ் முன்னாலேயே வந்து பார்த்துவிட்டு, தம்பிதான் என்று சொல்லியிருந்தான். பெண்டாட்டியும் பார்த்துச் சொன்னால் முடிந்தது. சவப்பெட்டியோடு வேன் வெளியே நின்றது.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு வயதான அம்மாள் மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆக்னஸ் எழுந்தபோது முந்தானையைப் பிடித்தாள்.

"தாயி, எம்பேரு பிச்சம்மா. எம்மவன் மாடக்கண்ணு, தோணியில சரக்கேத்தப் போனவன், தண்ணில விழுந்துட்டாம்னு சொல்லுதாவ. உள்ள இருக்கது உங்காளுன்னு முடிவாயிட்டாம். நான் பாக்கக் கூடாதாம். நீ நல்லாப் பாத்துச் சொல்லு தாயி."

"ஏ கெழவி, எங்க வயித்தெரிச்சலு போதாதா?" என்று பர்னபாஸ் அந்தக் கையை விலக்கிவிட்டான்.

உள்ளே ஃபினாயில் வாடையையும் மீறி ஒரு வாடை இருந்தது. ஏட்டு மூக்கில் கைக்குட்டையோடு சுவரோரம் நின்றார். மகாராஜா துணியை நெஞ்சுவரை விலக்கினார். முகம் என்று ஒன்று இல்லை. மீன்கள் விட்டுவைக்கவில்லை. ஆக்னஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். நெஞ்சு அகலமாகத்தான் இருந்தது. தண்ணீரில் ஊறினால் எல்லா நெஞ்சும் அகலம்தான்.

"பாத்தாச்சுல்லா? அவன்தான்" என்றான் பர்னபாஸ். "சொல்லிட்டு வா."

அவன் மேசையின் கால்மாட்டில் நின்றிருந்தான். துணியின் ஓரத்தை உள்ளே மடக்கிச் செருகி, அதன்மேல் கையை ஊன்றியிருந்தான். அங்கே எதற்கு நிற்கிறான் என்று அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது.

ஜாய்சனின் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. படகில் காற்றடிக்கும் கம்ப்ரசர் பெல்ட்டில் சிக்கித் துண்டானது. அன்றைக்கு ரத்தம் சொட்டச் சொட்ட அவனைத் தோளில் தூக்கி வந்ததே பர்னபாஸ்தான்.

"கைய எடுங்க அத்தான்."

"எதுக்கு?"

"எடுங்க."

அவன் எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஏளா, உனக்கு ஒரு பாடி, எங்களுக்கு ஒரு அடக்கம். இவ்வளவுதான வேணும்? கரையில பிள்ளைகள் கஞ்சிக்கு அழுவுது. அவன் இனி கெடைக்கவா போறான்?" என்றான். கண் நிறைந்திருந்தது. அவனும் உடன்பிறந்தவன்தான்.

ஆக்னஸ் குனிந்து துணியை இழுத்தாள். இடது பாதம் வெளுத்து ஊதியிருந்தது. விரல்கள் ஐந்தும் இருந்தன.

"கடலுக்குள்ள போனா வெரலு மொளைக்குமா அத்தான்?"

பர்னபாஸ் மேசையை விட்டு விலகினான்.

தலையசைத்தால் போதும். இன்று சாயங்காலமே மணி அடித்துவிடும், கல்லறைத் தோட்டத்தில் ஜாய்சன் பெயரில் ஒரு சிலுவை நடுவார்கள், விடிந்தால் படகுகள் போகும், பெண்கள் மறுபடி அவளோடு பேசுவார்கள். ஜாய்சனைத் தேட மட்டும் யாரும் இருக்கமாட்டார்கள். வெளியே அந்த அம்மாள் உட்கார்ந்தே இருப்பாள்.

"இது எங்க வீட்டுக்காரர் இல்ல" என்றாள் ஏட்டிடம். "வெளிய உக்காந்திருக்க அம்மாவக் கூப்பிடுங்க."

பிச்சம்மாள் வந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, உள்ளங்காலில் இருந்த நீளமான பழைய தழும்பைத் தடவினாள். "சின்னதுல கண்ணாடியில மிதிச்சான்" என்று மகாராஜாவிடம் சொன்னாள், ஏதோ வைத்தியரிடம் சொல்வதைப்போல. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஆக்னஸ் அங்கே நிற்கமுடியாமல் வெளியே வந்துவிட்டாள்.

திரும்பும் வழி முழுக்க வேனில் காலிப் பெட்டி ஒவ்வொரு குழிக்கும் குதித்தது.

திரேஸ்புரத்துக் கரையில் பெட்டியைக் கண்டதுமே பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பர்னபாஸின் மனைவி பிளாரன்ஸ் முன்னால் விழுந்து, "எய்யா ஜாய்சா, இப்படிப் பெட்டியிலயா வார!" என்று புரண்டாள். ஆக்னஸ் இறங்கி நின்றாள். பர்னபாஸ் சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் வேனின் பின்பக்கம் போய்விட்டான்.

"அவரு இல்லக்கா. வேற ஆளு."

ஒப்பாரி ஒரேயடியாக நிற்கவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்காததால் அங்கே சற்று நேரம் நடந்து, தேய்ந்து, ஓய்ந்தது. பிளாரன்ஸ் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அப்போ இன்னைக்கும் அடுப்புல ஒலை வைக்க வேண்டாம்" என்றாள்.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். பர்னபாஸ் பெட்டியை இறக்கி மணலில் வைத்தான். பிறகு டீசல் கேனை எடுத்தான்.

"இன்னைக்கு மட்டுந்தான் தேடுவோம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "கெடைக்கலன்னா நாளைக்கு அவன் சட்டைய இதுக்குள்ள வச்சு மூடிருவோம். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத."

"நானும் வாரேன்."

பொம்பிளை படகில் ஏறக்கூடாது என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதற்குள் அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தாள்.