பிஸ்கோத்து டப்பாவில் வைத்த கதை

1

இந்தக் கதை ஒரு பிஸ்கோத்து டப்பாவிலிருந்து வந்தது. டப்பாவைக் கொடுத்தவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசி வரி வரைக்கும் ஒளித்து வைத்திருந்து உங்களைத் திடுக்கிட வைக்கும் கெட்டிக்காரத்தனம் எனக்கு வேண்டாம்.

பிரெஞ்சுக்காரன் ஆட்சியைக் கைமாற்றிய ஐம்பத்து நான்கில், நான் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வீட்டு மதாம் தன் ஊருக்குக் கப்பலேறினாள். தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். எனக்கு வந்தது ஒரு நீலத் தகர டப்பா. மூடியில் மஞ்சள் முடிக்காரச் சிறுமி ஒருத்தி பிஸ்கோத்தைக் கடிக்கப் போகிறாள். எட்டு வருஷமாகக் கடிக்கப் போகிறாள், இன்னும் கடித்தபாடில்லை. உள்ளே இருந்ததைத் தின்று தீர்த்துவிட்டு, வாசலுக்கு மீன் கொண்டுவரும் தனத்திடம் டப்பாவைத் தந்தேன். தனம் வைத்திக்குப்பத்துக்காரி. நான் அப்போதும் இப்போதும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு குழந்தை வரும். அது பிழைத்துக்கொள்ளும். பிள்ளையைச் சாவின் வாசலில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டச் சொல்லும் கதைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு:

'அன்று கடல் பொங்கிச் சீறி' — (வேண்டாம். கடல் அன்று சும்மாதான் கிடந்தது. தனத்தின் புருஷன் அம்மாவாசையின் இடுப்பை முறித்தது கரையில் ஏற்றும்போது புரண்ட படகு.)

'கஞ்சா என்பது நம் வைத்திய முறையில் நெடுங்காலமாக' — (இதுவும் வேண்டாம். பள்ளிக்கூட டீச்சர் புத்தி.)

தனம் மருந்துச் சட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். (இது நிற்கட்டும்.)

நெய், பனைவெல்லம், ஏலக்காய். அதற்கெல்லாம் அடியில் ஒரு பச்சிலை வாடை. அரியாங்குப்பத்து நாட்டு வைத்தியர் கஞ்சா சேர்த்துக் கிண்டிக் கொடுத்த லேகியம். காலையில் சுண்டைக்காய் அளவு, பிறகு வலி பொறுக்க முடியாமல் போனால் இன்னொரு சுண்டைக்காய் அளவு. அதற்கு மேல் கூடாது. அதைத் தின்ற பிறகுதான் அம்மாவாசையால் ஒருக்களித்துப் படுக்கவாவது முடிந்தது. அதற்கு முன் ஐந்து மாதம் அந்த மனுஷன் முனகிய முனகல், கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகும்போதும் தனத்தின் காதைவிட்டுப் போகவில்லை.

மருந்து கிடைத்துவிட்டது. எங்கே வைப்பது?

குப்பத்தில் 'கஞ்சாக்குடிக்கி' என்று ஒரு பேர் உண்டு. வந்து ஒட்டிக்கொண்டால் போகாது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் நாளைக்கு அந்தப் பேர் முன்னால் வந்து நிற்கும். போதாததற்கு, ஆட்சி கைமாறியதிலிருந்து எதை வீட்டில் வைத்திருக்கலாம், எதற்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். தனம் யோசித்தாள். நான் கொடுத்த டப்பாதான் கண்ணில் பட்டது.

வந்து போகிறவர்கள் கேட்பார்கள்: "ஏது, தொர வூட்டு பிஸ்கோத்தா?"

"அது எப்பவோ தீந்துபோச்சி. ஊசி நூலு வச்சிருக்கேன்."

யாரும் திறந்து பார்க்கவில்லை. நன்றாகத்தான் மறைத்திருந்தாள். பெரியவர்களிடமிருந்து.

3

எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. நடந்தது நடந்துவிட்டாலும் டப்பாவை நகர்த்தி வைக்கலாம். நகர்த்திப் பார்த்தேன்.

உறியில் வைத்தேன். கதைக்குள்ளிருந்து தனம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஏன் டீச்சரம்மா, எழுந்து நிக்க முடியாத ஆளு உறிய எட்டி எடுப்பாரா?"

சரி என்று டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவள் முந்தானையில் முடிந்தேன்.

"நான் விடியறதுக்குள்ள கரைக்குப் போறேன். மீன வித்துட்டு வர உச்சிப் பொழுதாவுது. நடுவுல வலி வந்தா சாவிக்கு அவரு எங்க போவாரு?"

பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கச் சொன்னேன்.

"அதுக்குத் தண்டோரா போட்டுட்டு வந்துடலாம்."*

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் ஒரு பத்தியைக் கிழித்தேன். பிறகு டப்பாவை அது இருந்த இடத்திலேயே, அம்மாவாசையின் பாய்த் தலைமாட்டில், தரையிலேயே வைத்தேன். அவன் கைக்கு எட்டிய இடம். நாலு வயதுப் பெண்ணின் கைக்கும்.

* தனம் என்னிடம் இப்படியெல்லாம் பேசியதே இல்லை. பேசியிருக்கலாம், நான் கேட்டிருந்தால். டப்பாவில் என்ன வைத்திருக்கிறாய் என்று மூன்று வருஷத்தில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

4

ஐம்பத்து ஏழு. அஞ்சலாட்சிக்கு நாலு வயது. மூக்கு ஒழுகும், கேள்வி ஓயாது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியற்காலையில் தனம் லேகியம் உருட்டி, "ஆ காட்டு" என்று அவள் வாயில் போடுவாள். இனிக்கும். போட்ட கையோடு கன்னத்தைத் தட்டுவாள். அந்த நிறத்தில், அந்த வாசனையில் ஒன்று வந்தால் வாயைத் திறக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது பெற்றவளேதான். அதன் மேல் பிஸ்கோத்துக் கடிக்கும் சிறுமியின் படம் வேறு. இதற்கு மேல் ஒரு குழந்தையை எப்படி அழைப்பது?

அன்று காலை அப்பா மூடியைத் திறப்பதைப் பார்த்தாள். அப்பா தின்றார். அப்பா தூங்கினார். அஞ்சலாட்சி விரலால் வழித்தாள், ஒரு தரம், இன்னொரு தரம் —

(எத்தனை தரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.)

உச்சியில் தனம் வந்தபோது புருஷன் உட்கார முயன்றுகொண்டிருந்தான். "காலையில புடிச்சித் தூங்குது தனம். எழுப்புனா எழுந்திரிக்க மாட்டேங்குது." பிள்ளை துவண்டு கிடந்தாள். கண்ணிமையைத் தூக்கினால் சிவப்பு. உதட்டோரம் பழுப்பாக ஒரு தீற்றல்.

தனம் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். முந்தானையால் அந்த உதட்டை அழுத்தித் துடைத்தாள்.

இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். அவளை நீங்கள் தப்பாக நினைப்பீர்களோ என்று பயம். நினைக்காதீர்கள். அந்த நேரத்திலும் புருஷனின் பேரைத்தான் காப்பாற்றப் பார்த்தாள். அவளுக்கு அப்போது தெரிந்த காப்பாற்றல் அதுதான்.

ஆஸ்பத்திரியில் யாரைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும் என்பதால் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். ரிக்‌ஷாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என் காதில் சொன்னாள்.

"அவரு மருந்தத் தின்னுடுச்சிக்கா. கஞ்சா லேகியம். யாருக்கும் சொல்லிடாதீங்க. ஒங்களக் கும்புடறேன்."

என்னைப் பார்க்கும்போது டீச்சரம்மா என்பவள், அன்று அக்கா என்றாள்.

5

டாக்டர் நல்ல மனுஷர். நிதானமாகக் கேட்டார்.

"காய்ச்சல் இருந்துதா?"

"இல்லீங்க."

"விழுந்துதா?"

"இல்லீங்க."

"என்னம்மா சாப்பிட்டுது?"

"ஒண்ணுமில்லீங்க. கஞ்சிதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் மகள் என்னிடம் தையல் படிப்பவள். "டீச்சர், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நர்ஸ் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டையை மேலே தூக்கினாள். அந்த முதுகு ஒரு சாண் இருக்கும்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) நான் வாயைத் திறக்கிறேன். 'டாக்டர், ஊசி வேண்டாம்' என்கிறேன். கம்பீரமாக இருக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

(ஆ) இரண்டு பேர் தோளில் அம்மாவாசை வருகிறான். மடியில் நீல டப்பா. "என்னோடதுங்க. நான் திங்கற மருந்துங்க" என்று வராந்தா முழுக்கக் கேட்கச் சொல்கிறான். இதை எழுதும்போது நானே அழுதேன். அவனால் அன்று பாயைவிட்டு நகரவே முடியவில்லை என்பதுதான் குறை.

(இ) நடந்தது.

6

நடந்தது: நான் சொல்லவில்லை.

கும்பிட்டுக் கேட்டாளே, அவள் வீட்டு மானம் ஆயிற்றே என்று காரணம் அடுக்கலாம். அதெல்லாம் அரைவாசிதான். டப்பா யாருடையது என்று கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் என் பேர் அடிபடும் என்பது மறுபாதி. "தெரியாது டாக்டர்" என்றேன். என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது இன்னும் என் காதில் இருக்கிறது.

நர்ஸ் ஊசியை எடுத்தாள். தனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு கஞ்சா லேகியம் தின்னுடுச்சி. வூட்டுக்காரருக்கு இடுப்பு வலிக்கு வச்சிருந்தது. நான்தான் எட்டுற எடத்துல வச்சேன். என்னப் புடிச்சிக்குனு போங்க, எம் புள்ளைக்கு ஊசி வேணாம்."

டாக்டர் பிடித்துக்கொண்டு போகவில்லை. எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். ஊசியை உள்ளே வைக்கச் சொன்னார். வாந்தி எடுத்தால் அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் பிள்ளையைப் பக்கவாட்டிலேயே கிடத்தி, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலையில் அஞ்சலாட்சி எழுந்து, "பசிக்குது" என்றாள்.

திரும்பும் வழியில் தனம் என் கையைப் பிடித்தாள்.

"நீங்க சொன்னதா இருக்கட்டும்க்கா. பொண்டாட்டியே நாலு பேரு முன்னால சொல்லிட்டாளேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் வைராக்கியத்துல மருந்தையே தொட மாட்டாரு. வலியிலயே செத்துடுவாரு. நீங்கன்னா ரெண்டு நாளு திட்டுவாரு, அவ்ளோதான்."

சரி என்றேன். ரெண்டு நாள் திட்டினான். பிறகு 'எம் பொண்ணக் காப்பாத்துன மகராசி' என்று சொல்ல ஆரம்பித்தான். ஐந்து வருஷமாக, ஞாயிறு தவறாமல், காசு வாங்காமல் எனக்கு மீன் வருகிறது. ஐந்து வருஷமாக அந்த மீனை முள் குத்தாமல் நான் தின்றதில்லை.

லேகியம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தனமே வழி கண்டுபிடித்தாள். பாய்க்குப் பக்கத்திலேயே பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி. சாவி அம்மாவாசையின் அரைஞாண் கயிற்றில். வலிக்கிறவன் இடுப்பிலேயே சாவி; படுத்தபடி திறக்கலாம், அவனைத் தவிர யாரும் திறக்க முடியாது. பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "இது அப்பாவுக்கு மருந்து, ஒனக்கு ஆவாது" என்று பேரைச் சொல்லியே சொன்னாள். டீச்சரம்மாதான் வெளியே சொல்லிவிட்டாளே, இனி என்ன மறைப்பு என்று அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டாள். யாரும் பேர் வைக்கவில்லை. ஒருத்தி மட்டும், "எம் மாமியாருக்கு முட்டி வலி, அந்த வைத்தியரு எங்க இருக்காரு?" என்று கேட்டாளாம்.

டப்பாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "எத வச்சாலும் பிஸ்கோத்துன்னுதான் சொல்லுது இது. நீங்களே வச்சிக்கோங்க."

7

வைத்துக்கொண்டேன். இந்தக் கதையின் காகிதங்களெல்லாம் அதில்தான் கிடக்கின்றன.

பிரெஞ்சுக்காரன் ஒப்பந்தக் காகிதத்திலும் போய்விட்ட இந்த அறுபத்திரண்டில் அஞ்சலாட்சிக்கு ஒன்பது வயது. மீன் கொண்டுவருவது இப்போது அவள்தான். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டாள். சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து வாசிப்பாள். அவள் வீட்டுக் கதையில் அவளைக் காப்பாற்றியது நான். அவள் அம்மா வாய் பேசாமல் அழுதுகொண்டு நின்றவள். போன வாரம் அவளே என்னிடம் சொன்னாள்: "எங்கம்மா பயந்தாங்கொள்ளி டீச்சரம்மா."

அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இதுதான் உண்மையான தொடக்கம். தப்பான இடத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்.

தனத்துக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. இந்தக் காகிதம் குப்பத்துக்குப் போனால் அம்மாவாசைக்குத் தெரியும். அவன் சாவியை அவிழ்த்து எறிவானா, பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிடுவானா, எனக்குத் தெரியவில்லை. பரணில் போடலாம். பூட்டலாம். பூட்டினால் சாவி யாருடைய இடுப்பில் இருக்க வேண்டும்? வலிக்கிறவள் இடுப்பில் என்றால், அது தனமா, நானா?

படல் திறக்கும் சத்தம்.

"டீச்சரம்மா, அம்மா கவளை மீனு குடுத்தாங்க."

கால் கழுவிக்கொண்டிருக்கிறாள். டப்பா மேசையில் திறந்து கிடக்கிறது. மூடி என் கையில். மேசை அவள் கைக்கு எட்டும் உயரம்.

எங்கே வைக்கட்டும்? நடந்தது இப்போது உங்களுக்கும் தெரியும். நான் அன்று நின்ற மாதிரி நிற்காதீர்கள், சொல்லுங்கள்.