மகாராணியின் கொழுப்பு

தன் கைப்பக்குவத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். அதே உப்பு, அதே புகை, பன்றிகளுக்குப் போடுவதும் அதே தீவனம். ஆனால் விற்பதற்காக அவள் புகைபோட்டுக் கம்பியில் தொங்கவிட்ட பன்றிக்கறி காய்ந்த பின்னும் எண்ணெய் கக்கியது. வாயில் போட்டால் சதை சக்கை.

"வாங்குறவங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க அண்ணி. இப்படியே போனா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்," என்றாள் கடையைக் கவனிக்கும் நாத்தனார்.

உப்பைக் கூட்டினாள், குறைத்தாள், விறகை மாற்றினாள். ஒன்றும் பிடிபடவில்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

கணவனிடம் கேட்டால் அவன் 'மாப்பிள்ளை' புராணம் பாடுவான். இனம் பெருக்க அவன் வாங்கிவந்த ஆண் பன்றி அது. முதுகில் கொழுப்பே கிடையாது. அதன் குட்டிகளிலும் முதுகு மெலிந்ததாகப் பார்த்துத்தான் வளர்க்க வைத்துக்கொள்வான், கொழுத்ததையெல்லாம் விற்றுவிடுவான். தின்பதெல்லாம் சதையாகிறதாம். மகராசனுக்குத் தராசு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வருவதற்கு முன்பிருந்த பன்றிகளில் மிச்சம் ஒருத்திதான். தீனித் தொட்டியில் யாரையும் முந்தவிடாத மகாராணி. இன்னும் குட்டி போடுகிறவள்.

"என்னங்க, மகாராணியை அறுத்துக் குடுங்க. அந்தக் கறியும் இப்படியே ஆச்சுன்னா கெட்டது என் கைதான். தொழிலையே விட்டுடறேன்."

"தாராளமா. கொழுப்பெடுத்தவ, தீனிக்குத்தான் கேடு."

மாப்பிள்ளையின் மகள் ஒருத்தியையும் அன்றே அறுத்தார்கள். இரண்டு கறியையும் ஒரே உப்பில் ஊறவைத்து ஒரே புகையில் தொங்கவிட்டாள். காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரே தட்டில் வைத்தாள். மகளின் துண்டு நடுவில் வெறும் சிவப்பு, ஓரக் கொழுப்பு தொளதொளத்து எண்ணெய் விட்டது. மகாராணியின் சதைக்குள் வெள்ளை இழைகள் ஓடின. அவள் ஓரக் கொழுப்பு விரலால் அழுத்தியும் அசையவில்லை.

"என் கை கெடலைங்க!" என்றாள் சந்தோஷமாக. "எல்லாம் உங்க மாப்பிள்ளை வழி வந்தது. முதுகுக் கொழுப்பைக் குறைக்கப் போயி சதைக்குள்ள இருந்ததையும் துரத்திட்டீங்க. மிச்சமிருக்கிறதும் இளகிப்போச்சு."

அவன் மகாராணியின் துண்டில் கொஞ்சம் பிய்த்து மென்றான். நெடுநேரம் மென்றான்.

"சரி, இனிமே இவ மாதிரியே வளர்த்துடலாம்," என்றான். சொல்லிவிட்டுக் கொட்டிலைப் பார்த்தான். அங்கே நின்றவை எல்லாம் மாப்பிள்ளையின் மகள்கள், பேத்திகள்.

"இவ போட்ட குட்டியில இவளை மாதிரி ஒண்ணுகூடவா இல்ல?"

"கொழுத்ததை எல்லாம்தான் வித்துட்டேனே."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மகாராணியின் மிச்சத் துண்டைக் கையில் எடுத்தாள். தின்னவும் மனம் வரவில்லை, கீழே வைக்கவும் மனம் வரவில்லை.